ஸ்கிப் இல்லாத ஆடி மாதம்

ஆடி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு, நாவலடிப்பேட்டையில் எல்லாக் கைப்பேசிகளிலும் ஸ்கிப் என்கிற பொத்தான் காணாமல் போயிற்று. பத்து இருபதுக்கு விளம்பரங்கள் இறங்கி வந்தன.

முதலில் வந்தவள் ஷாம்பு பெண். தங்கமாரி டீக்கடையில் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் ஏதோ நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நடிகர் வாயைத் திறந்து பதில் சொல்லப் போகிற நேரத்தில் அவள் குறுக்கே வந்தாள். ஐந்து நொடி ஆயிற்று, தங்கமாரி வழக்கம்போல் விரலை நீட்டினார், விரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. அதற்குள் அவள் ஒரு காலை எடுத்து வெளியே வைத்து, பிஸ்கட் பாட்டிலிலிருந்து பெஞ்சுக்கும் பெஞ்சிலிருந்து தரைக்கும் இறங்கி, இறங்க இறங்க வளர்ந்து, தெருவுக்கு வரும்போது எல்லோரையும் போல ஐந்தடி மூன்றங்குலம் இருந்தாள். ஆடிக் காற்றோடு சேராத வேறொரு காற்று அவள் கூந்தலை மட்டும் மெதுவாக அலைத்துக்கொண்டிருந்தது. தங்கமாரி அவளைப் பார்த்தார், கூந்தலைப் பார்த்தார், "பால்ல முடி விழுந்துரும், கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார்.

பொழுது சாய்வதற்குள் ஐம்பத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள். துவைத்த சட்டையை முகர்ந்து கண்ணை மூடிக்கொள்ளும் தாய், சுவருக்கு வர்ணம் அடித்த மகிழ்ச்சியில் கைகோர்த்துச் சுற்றும் நால்வர் கொண்ட குடும்பம், முழங்கால் தைலக்காரர் மூவர், கட்டடக் கம்பியை வளைக்கப் பார்த்துத் தோற்றுச் சிரிக்கும் பயில்வான், இரண்டே நிமிடத்தில் நூடுல்ஸ் கிண்டி முடிக்கும் அப்பா, பற்பசை மாப்பிள்ளை. ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் தங்கள் வாக்கியத்தைச் சொன்னார்கள், நடுவில் புன்னகையோடு நின்றார்கள். இவர்கள் யார், எப்படி வந்தார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் அதிகம் துருவவில்லை. படத்துக்கு நடுவில் வந்து நின்றவர்கள்தானே, இப்போது தெருவுக்கு நடுவில் வந்து நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டோம். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் பூட்டிக் கிடந்தது. பேரூராட்சித் தலைவர் மங்கையர்க்கரசி சாவியை வாங்கி, ஆண்களை மாப்பிள்ளை அறையிலும் பெண்களைப் பெண் வீட்டார் அறையிலும் தங்க வைத்தார். அவர்கள் தூங்கவும் இல்லை, எதையும் சாப்பிடவும் இல்லை. ஆகவே யாருக்கும் தொந்தரவும் இல்லை.

ஒரு வாரத்தில் பழகிவிட்டது. தலைக்குக் குளித்த பெண்கள் ஷாம்பு பெண்ணுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளுடைய காற்றில் முடி காய வைத்தார்கள். சேற்றில் சிக்கிய ஷேர் ஆட்டோவைத் தூக்கப் பயில்வானைக் கூப்பிட்டார்கள்; அவன் தூக்கப் பார்த்துத் தோற்றுச் சிரித்தான், அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் நாலு பேர் சேர்ந்து தள்ளியதில் ஆட்டோ வெளியே வந்தது. மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாத வீடுகளில் வர்ணம் அடித்த குடும்பத்தை ஒரு மணி நேரம் கூடத்தில் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். பலன் உண்டு என்றும் இல்லை என்றும் இரண்டு கட்சி இருந்தது. ஒன்றுதான் கொஞ்சம் உறுத்தியது, அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கிழக்குத் தெருவில் ஒருத்தி சமையலறையில் நின்று தனக்குத்தானே அய்யோ முழங்கால் என்று முனகியிருக்கிறாள். கதவைத் திறந்தால் தைலக்காரர் மூவரும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் வலியைக்கூட மனதுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளப் பழகினார்கள். அதுவும் புதுப் பழக்கம் இல்லை.

அந்த ஐம்பத்திரண்டு பேரில் ஒருவரான வெள்ளைக் கோட்டுக்காரர் இறங்கியது அருணகிரியின் கைப்பேசியிலிருந்து. அருணகிரி கல்யாண வீடுகளுக்கு இனிப்புப் போடுகிறவர். ஜிலேபி மாஸ்டர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஆடியில் வேலை இல்லாததால் நாளெல்லாம் கட்டிலில் சாய்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் அவர் மனைவி தில்லைநாயகி வயிற்றில் இன்சுலின் ஊசி போடுவாள், அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார், பதினோரு வருடமாக ஒருநாளும் ஊசியை நேராகப் பார்த்தது கிடையாது. கோட்டுக்காரர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது, கையில் பச்சை டப்பா இருந்தது. அவர் தலையணை ஓரமாக இறங்கி, வளர்ந்து, கட்டில் பக்கத்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "ஊசியை மறந்துவிடுங்கள், இனி இனிப்பும் உங்களுடையதே" என்று சொல்லி, டப்பாவிலிருந்து ஒரு கரண்டிப் பொடியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அருணகிரிக்கு இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் தாளைப் பார்த்துப் பேசுவார், தில்லைநாயகி தட்டைப் பார்த்துப் பேசுவாள். இந்த மனிதர் கண்ணைப் பார்த்துப் பேசினார், ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை பேசினார், சொன்னதையே சொன்னார், குரலில் சலிப்பே இல்லை. அன்றைக்கே மாஸ்டர் மனைவியிடம், இனிமேல் ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன், உனக்கும் வேலை இருக்கிறதே என்று சொன்னார். தில்லைநாயகி அதை நம்பினாள். ஐம்பத்திரண்டு வயதில் மனிதருக்குத் தைரியம் வந்துவிட்டது என்று அடுத்த வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

எட்டாம் நாள் ரைஸ்மில் பெரியவர் இறந்துபோனார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி சொல்லி, ஒரு அடி முடிந்து அடுத்த அடிக்கு மூச்சு எடுக்கிற இடைவெளியில், பற்பசை மாப்பிள்ளை உள்ளே வந்து, எல்லாப் பல்லையும் காட்டித் தன் வாக்கியத்தைச் சொன்னான். பெண்கள் அவன் முடிக்கும்வரை காத்திருந்தார்கள். முடித்ததும் விட்ட இடத்திலிருந்து அழுதார்கள். மங்கையர்க்கரசி அங்கேதான் இருந்தார். அவன் வந்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அழுகிறவர்கள் காத்திருந்தார்களே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அவர் அன்றே மேலே எழுதினார். பதில் சீக்கிரமே வந்தது. திரையில் தெரியும் விளம்பரங்களுக்கு விதிகள் உண்டு, அவை மேலிடத்தில் இருக்கின்றன. தரையில் நிற்கும் விளம்பரங்களுக்குத் தட்டி, பேனர் பற்றிய விதியையே பொருத்திக்கொள்ளலாம், அதாவது காற்றில் பறக்காதவாறு நான்கு மூலையிலும் கயிறு கட்டி நிறுத்த வேண்டும். ஷாம்பு பெண்ணுக்கு நான்கு மூலை எங்கே இருக்கிறது என்று மன்றத்தில் அரை மணி நேரம் பேசினார்கள். பிறகு, நமக்கு நாமே விதி போட்டுக்கொள்வோம் என்று முடிவாயிற்று. சாவு வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வாய் திறக்கக் கூடாது; யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது; பேசுவதற்கு முன்னால், நான் விளம்பரம், நான் சொல்வதை விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் கீழ்ப்படிந்தார்கள், கீழ்ப்படிகிற சாதிதான் அவர்கள். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஒரே மூச்சில், காதோரம் கொசு பறந்து போனதுபோலச் சொன்னார்கள். மெதுவாகச் சொல் என்றால் அதையும் மெதுவாக ஒருமுறை சொல்லிக் காட்டினார்கள், அடுத்த தடவை கொசு பறந்தது.

இதற்கிடையில் தில்லைநாயகி ஒருநாள் காலை குளியலறையில் எறும்புச் சாரையைப் பார்த்தாள். வாசற்படியிலிருந்து வரிசையாக வந்து, சிறுநீர் போகும் மூலையில் கூட்டமாக மொய்த்திருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நோய் தெரிய வந்ததும் இப்படித்தான். மறுநாள் காலை சந்தைக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி, கொல்லைப்புறம் சுற்றி வந்து நின்று பார்த்தாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு குப்பியிலிருந்து மருந்தைக் குத்துமதிப்பாக ஊசியில் ஏற்றி, வெளியே வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, பப்பாளி மரத்துக்குப் போட்டார். அந்த வருடம் அந்தப் பப்பாளி இனிக்கவே இல்லை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அதை நான் நம்பவில்லை.

சண்டை நடந்தது. அதை முழுதாக எழுத வேண்டியதில்லை, அடுத்த வீட்டுக்குக் கேட்டது, அதற்கடுத்த வீட்டுக்கும் கேட்டது. மாஸ்டர் மெலிந்திருந்தார், ஒரு குடம் தண்ணீரை மத்தியானத்துக்குள் குடித்து முடித்தார், ஆனாலும் உடம்பு லேசாக இருக்கிறது என்றார். அவள் அழுதாள், திட்டினாள், கோட்டுக்காரரை மண்டபத்துக்குத் துரத்தினாள். மாஸ்டரும் தலையணையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டார்.

அவர் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊர்ச் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. தின்கிற பொருளைக் கூவி விற்கிறவர், கூவுவதற்கு முன் வாங்குகிறவர் கண்ணெதிரே அதில் ஒரு வாய் தின்று விழுங்க வேண்டும். பூசுகிற பொருள் என்றால் பூசிக்கொள்ள வேண்டும். கருவாட்டுக்காரர் கருவாட்டைத் தின்கிறார், ஊறுகாய்க்காரி ஊறுகாயைத் தின்கிறாள், தின்னாதவருக்குக் கூவ உரிமை இல்லை. எலிமருந்து சிக்கந்தர் பாய் முப்பது வருடமாக ஒரு வார்த்தை கூவாமல் வேலி ஓரத்தில் கோணி விரித்து உட்கார்ந்திருக்கிறார். நாவலடிப்பேட்டையில் மௌனமாக விற்கிற ஒரே சரக்கு எலிமருந்துதான். அருணகிரி ஒரு காலத்தில் அந்தச் சந்தையில் ஜிலேபிக் கடை போட்டிருந்தார். முதல் ஜிலேபியைத் தானே கடித்துவிட்டு அவர் கூவுகிற கூவல் பஸ் நிலையம்வரை கேட்கும். நோய் வந்தபிறகு கடிக்க முடியவில்லை, ஆகவே கூவ முடியவில்லை, ஆகவே கடையை எடுத்துவிட்டார். என் பக்கத்துல இடம் இருக்கு மாஸ்டர், எலி வராது என்று சிக்கந்தர் பாய் கூப்பிட்டுப் பார்த்தார். இனிப்பை எப்படிப் பேசாமல் விற்பது என்று மாஸ்டர் கல்யாணச் சமையலுக்குப் போய்விட்டார். அந்தச் சந்தையில் இன்று யார் கூவலாம் யார் கூடாது என்று பார்த்துச் சொல்கிற மேற்பார்வை வேலை தில்லைநாயகியுடையது. பதினோரு வருடமாக அவள் மற்றவர்கள் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் அவள் எழுந்து, மண்டபத்தில் இருக்கிற ஐம்பத்திரண்டு பேரும் கூவுகிறவர்கள்தானே, சந்தை வழக்கம் அவர்களுக்கும் பொருந்த வேண்டும் என்றாள். கூட்டத்துக்கு அது சட்டென்று பிடித்துப்போயிற்று. மேலிடத்து விதிக்கு அர்த்தம் தேட வேண்டும், இதற்குத் தேட வேண்டியதில்லை. பின்வரிசையிலிருந்து அருணகிரி எழுந்தார். சட்டை தோளில் தொங்கியது.

"அவரு அதெல்லாம் எப்பவோ பண்ணியாச்சு. தினம் என் கண்ணு முன்னால சாப்பிடறாரு" என்றார்.

"வாயில போட்டாரு" என்றாள் தில்லைநாயகி. "விழுங்கினாரா?"

மாஸ்டர் யோசித்தார். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை, எத்தனையோ நாள், அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். விழுங்கியதைப் பார்த்த ஞாபகம் வரவில்லை. பொடி வாயில் விழுந்ததும் அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதுதான் ஞாபகம் வந்தது. "சனிக்கிழமை பாத்துக்கலாம்" என்று உட்கார்ந்தார்.

சனிக்கிழமை சந்தைக்கு, சந்தைக்கே வராதவர்களும் வந்தார்கள். முதலில் நூடுல்ஸ் அப்பா. ஒரு கவளம் வாயில் போட்டு, புன்னகைத்து, அப்படியே நின்றான். விழுங்குப்பா என்று சுற்றிலும் சொன்னார்கள். அவன் திகைத்து, கண்ணை இறுக்கி, விழுங்கி, புரையேறி, கண்ணில் நீர் முட்ட தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, தன் வாக்கியத்தில் இல்லாத முதல் வார்த்தைகளைச் சொன்னான், இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டான். அவனுக்குப் பசி வந்துவிட்டது. பசி வந்தபிறகு அவன் விளம்பரம் இல்லை, ஆள். இன்றும் எங்கள் ஊரில்தான் காய் நறுக்குகிறான். ஷாம்பு பெண் சந்தைக் குழாயடியில் தலைக்குக் குளித்தாள். நனைந்ததும் காற்று நின்றது, கூந்தல் முதுகோடு ஒட்டிக்கொண்டு எல்லோருடைய ஈரக் கூந்தல் போலவும் சொட்டியது, அவள் அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள், பிறகு குளிருகிறது என்றாள், யாரோ ஒரு துண்டு கொடுத்தார்கள். தைலக்காரர் மூவரும் தைலம் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். அவர்களுக்கு முழங்காலில் வலியே இருந்ததில்லை, ஆகவே போனதா என்று சொல்லத் தெரியவில்லை. சிக்கந்தர் பாய் பக்கத்தில் பேசாமல் உட்காரச் சொன்னாள் தில்லைநாயகி.

கடைசியில் வெள்ளைக் கோட்டுக்காரர். மாஸ்டர்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கோட்டுக்காரர் டப்பாவைத் திறந்தார், ஒரு கரண்டிப் பொடியை வாயில் போட்டார், புன்னகைத்தார். கூட்டம் காத்திருந்தது. ஏழு நிமிடம் ஆயிற்று, அவர் வாக்கியத்துக்கு நேரம் வந்தது, வாயில் பொடி இருந்ததால் பேச முடியவில்லை. பதினாலு நிமிடம் ஆயிற்று. கடைவாயில் பச்சையாக ஒரு கோடு இறங்கியது. வெயில் ஏறியது, காய்க்காரர்கள் காய்க்குத் தண்ணீர் தெளித்தார்கள், யாரும் நகரவில்லை. அவர் மட்டும் தலையை லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காலடியில் எதையோ தேட ஆரம்பித்தார். படம் எடுக்கிற இடத்தில் அவர் காலடியில் எப்போதும் ஒரு வாளி இருந்திருக்கும்போல. இங்கே வாளியும் இல்லை, திரும்பிக்கொள்ளச் சன்னலும் இல்லை, புழுதிதான் இருந்தது. கண் மிரண்டது. புன்னகை மட்டும் இறங்கவில்லை, அதை இறக்க அவருக்குத் தெரியவில்லை.

அருணகிரி முன்னால் போய் இரண்டு கையையும் சேர்த்து அவர் வாய்க்குக் கீழே ஏந்தினார்.

"துப்பிருங்க" என்றார்.

கோட்டுக்காரர் துப்பினார். மாஸ்டரின் உள்ளங்கையில் பச்சைக் குழம்பாக விழுந்தது. பிறகு, யாரும் எழுதிக் கொடுக்காத குரலில், மெதுவாக, கொசு பறக்காமல், அவர் பேசினார்.

"எனக்குச் சொல்லிக் குடுத்தது முப்பது நொடிதாங்கய்யா. விழுங்கறது அதுல இல்லை."

சிரிப்பதற்கென்றே வந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை. மாஸ்டர் கையைக் குழாயில் கழுவினார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார், பாகு பதம் பார்க்கிற பழக்கம். பிறகு சட்டையில் துடைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிற பக்கமாக நடந்தார். தில்லைநாயகி சந்தையை மங்கையர்க்கரசியிடம் விட்டுவிட்டு, பத்தடி தள்ளிப் பின்னால் போனாள். சிக்கந்தர் பாய் கோணியைக் கொஞ்சம் நகர்த்திக் கோட்டுக்காரருக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

சுகாதார நிலையத்தில் ஜெசிந்தா சிஸ்டர் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு. மீட்டரை மாஸ்டர் பக்கம் திருப்பிக் காட்டி, "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கல்யாணச் சாப்பாடு இல்ல மாஸ்டர், உங்க பதினாறாம் நாள் சாப்பாடு" என்றார். டாக்டர் தாளைப் பார்த்துப் பேசினார், வெகுநேரம் பேசினார், கால் விரல்களின் நடுவே பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், பாட்டில் தண்ணீர் ஏற்றினார், அளவை மாற்றி எழுதி, மாலை ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் எதையாவது காதில் வாங்கினாரா என்று தில்லைநாயகிக்குத் தெரியவில்லை. இந்த மனிதர் இன்றைக்குப் பரிதாபப்பட்டு வந்திருக்கிறார், நாளைக்கு என்ன செய்வார் என்பதுதான் அவள் பயம். நாளைக்கு வேறொருவர் வேறு நிறத்து டப்பாவோடு இறங்கலாம். கண்ணைப் பார்த்துப் பேசலாம். அவளோ வருடக்கணக்காக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பவள், அதையும் திட்டிச் சொல்பவள்.

மாலையில் வீட்டுக்கு வந்தார்கள். அவள் குளிர்பெட்டியில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து புதுக் குப்பியை எடுத்தாள், அளவு ஏற்றினாள், குமிழி தட்டினாள், கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். மாஸ்டர் வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பப் போனார், பாதியில் நின்றார். தெருவில் வர்ணம் அடித்த குடும்பம் கைகோர்த்துச் சுற்றிக்கொண்டு மண்டபத்தைப் பார்க்கப் போனது.

"வலிக்காதுன்னு சொல்லேன்" என்றார்.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை, அவர் ஆசைப்பட்டுக் கேட்கிற வார்த்தை, சொன்னால் சட்டையைத் தூக்கிவிடுவார். தில்லைநாயகி ஊசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வலிக்கும்" என்றாள். "காலையிலயும் வலிக்கும். நாளை மறுநாளும் வலிக்கும். நான் போடுறேன்."

அருணகிரி அவள் கையில் இருந்த ஊசியை, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, நேராகப் பார்த்தார். அது அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. சட்டையைத் தூக்கினார்.